காமிக்ஸ் கடைக்குப் பத்தாவது ஆள்

கடை திறந்த அன்றைக்கு முதல் ஆளாக உள்ளே வந்தவர், அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காமிக்ஸைத் தூக்கி, எடை பார்க்கிற மாதிரி ரெண்டு தரம் கையில் ஆட்டிவிட்டு, "கிலோ எப்படிங்க?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. திருப்பூரில் நூல் கிலோ, துணி கிலோ, பனியன் வேஸ்ட் கிலோ, ரிஜெக்ட் ஆன டிஷர்ட்டும் கிலோ. எண்ணி விற்கிற பொருள் என்று ஒன்று இருந்தால் அது முட்டையாகத்தான் இருக்கும். "இது படிக்கிறதுங்க, ஒவ்வொண்ணாத்தான் விக்கிறதுங்க" என்றேன். அவர் ஒரு புத்தகத்தை விரித்துத் தாளைத் தடவிப் பார்த்தார். பனியன்காரன் தடவிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். "ஜிஎஸ்எம் நல்லாத்தான் இருக்குது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். துணியானாலும் தாளானாலும் கனத்துக்கு அதே ஜிஎஸ்எம்தானே. அன்று சாயங்காலம் அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரைவிடப் பெரிய பனியன்காரன் அந்தக் கல்லாவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் காமிக்ஸில்தான். பனிமலையில் கூடாரம் அடிப்பது எப்படி, பாலைவனத்தில் தண்ணீரை எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம், எல்லாம் தெரியும். கோயமுத்தூரைத் தாண்டிப் போனது மொத்தம் ரெண்டு தடவை. இருபத்திரண்டு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்சனில் இருந்தேன். முதுகுவலி வந்து வேலையை விட்டதும், ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்பக்கம் தெருவைப் பார்த்து ஷட்டர் போட்டிருந்த அறையில் காமிக்ஸ் கடை வைக்கப் போவதாக அறிவித்தேன்.

என் மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஆயிரம் பனியனில் ஒன்றில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். அந்த விரல் என் திட்டத்தின் மேலும் வந்து நின்றது.

"ஏனுங்க, எத்தன பேரு வாங்குவாங்க?"

"நம்மூர்ல ரசிகருங்க நெறைய இருக்கறாங்க."

"எத்தனைன்னு கேட்டனுங்க."

"நெறைய."

"செரிங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் 'செரிங்க' என்றால் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

ரசிகர்கள் இல்லாமல் இல்லை. ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஆறு பேரும் என் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு மனைவிமார் போன் வந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்து, 'பரவால்லையே, யாவாரம் சூடு புடிச்சிருச்சு' என்று நினைத்திருப்பார்கள். உள்ளே நடந்தது வேறு. அந்த ஆறு பேரும் பதிப்பகத்துக்கு நேராகச் சந்தா கட்டியவர்கள். புத்தகம் அச்சான கையோடு அவர்கள் வீட்டுக்குத் தபாலில் போய்விடும். எனக்கு வர வேண்டிய பார்சல் லாரி ஆபீஸில் படுத்துப் புரண்டு ஒரு வாரம் கழித்து வரும். நான் கட்டை அவிழ்ப்பதற்குள் அவர்கள் படித்து முடித்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே, கொலை செய்தது யார் என்று எனக்கே சொல்லுவார்கள்.

அவர்களில் எனக்கு ரொம்ப நெருக்கமானவர் நூலும் எலாஸ்டிக்கும் பட்டனும் விற்கிற ஒரு பாய். என்னை 'மொதலாளி' என்றுதான் கூப்பிடுவார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நக்கல் என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"காமிக்ஸ் கடைங்கறது பார்க்கு மாதிரி மொதலாளி" என்பார். "வந்தமா, உக்காந்தமா, மனசு நெறஞ்சு போனமான்னு இருக்கோணும். பார்க்குக்குப் போறவன் மரத்தை வாங்கிட்டா வர்றான்?"

இதை நான் ரசித்து, என் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். நாலு பேர் வாயில் வருகிற சொலவடையெல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. விற்கத் தெரியாதவன் எழுதியாவது வைக்கலாமே.

சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிற இன்னொரு கூட்டாளி ஒருநாள், யாரோ ஸ்கேன் பண்ணிய முழுப் புத்தகத்தையும் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பினார். 'அருமையான கதை. சும்மாவே கெடைச்சுது. படிச்சுப் பாருங்க.' அந்த நேரத்தில் அதே புத்தகம் பன்னிரண்டு பிரதி என் காலடியில் பிரிக்காமல் கிடந்தது. கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து போனிலேயே படித்தும் விட்டேன். எழுத்தைப் பெரிசு பண்ணிக்கொள்ளலாம் பாருங்கள், கண்ணுக்கு இதம்.

பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு அம்மா மகளோடு வந்து, "இது பரீச்சைக்கு வருங்களா?" என்று கேட்டார். வியாபாரி என்றால் 'பொது அறிவு வளருமுங்க' என்றாவது சொல்லியிருப்பான். நான், "வராதுங்க, சும்மா சந்தோசத்துக்குத்தானுங்க" என்றேன். அந்தப் பிள்ளை ஒரு படத்தில் இருந்த வசனத்தை எழுத்துக்கூட்டி, 'அ... தோ... ஓ... டு... கி...' என்று ஆரம்பித்தது. 'ஓடுகிறான்' என்று முடிப்பதற்குள் படத்தில் இருந்த திருடன் ஊரைவிட்டே போயிருப்பான். "இங்கிலீஸ்ல இருக்குதான்னு கேளு கண்ணு" என்றார் அம்மா. இல்லை. பக்கத்துக் கடையில் பேனா வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆனி மாசக் கடைசியில் என் மச்சினன் வந்தான். அவனுக்குப் பவர் டேபிள். அதாவது கம்பெனிகளிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட். மண்ணரையில் அவன் இருந்த இடத்தை இடித்துக் கட்டப் போகிறார்களாம், காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மிஷினெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் முகம் வாடி வந்தவன், என் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"காத்தோட்டமா இருக்குதுங்க மாமா" என்றான்.

என் கடையைப் பார்த்து ஒரு மனிதர் சொன்ன இரண்டாவது நல்ல வார்த்தை அது. முதலாவது ஜிஎஸ்எம்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி பேச்சை எடுத்தாள். தம்பிக்கு இடம் வேண்டும், அறை சும்மாதான் இருக்கிறது என்றாள். சும்மா இல்லை, கடை இருக்கிறது என்றேன். அதைத்தான் சொன்னேன் என்றாள். நான் என்னென்னவோ பேசினேன். ஊருக்கு ஒரு காமிக்ஸ் கடையாவது வேண்டாமா, நாளைக்கு ஒரு பிள்ளை தேடி வந்தால் எங்கே போகும் என்றெல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒரே பேச்சுங்க. ஆடி முடியறதுக்குள்ள புதுசாப் பத்து ஆளு வந்து புஸ்தகம் வாங்கோணும். உங்க கூட்டாளிக சேராது. சொந்தபந்தம் சேராது. பத்து வந்துட்டா ரூம்பு உங்களுது, நான் வாயே தொறக்கறதில்ல. தம்பிக்கு வேற எடம் பாத்துக்கலாம். ஒம்பது வந்தா ஆவணி ஒண்ணாந்தேதி மிஷின் எறங்கும்."

"ஆடி மாசம் எவனுங்க புதுசா ஒண்ணு வாங்குவான்?"

"ஆடிக் காத்துல அம்மியே நகருதுங்கறாங்க. உங்க புஸ்தகம் பத்து நகராதுங்களா?"

இதுவும் நோட்டில் இருக்கிறது.

செக்கிங் செக்சனில் துணியில் கறையோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். புது ஆள் ஒருவர் வாங்கினால் காலண்டர் அட்டையில் ஒரு ஸ்டிக்கர். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என்னை நிற்க வைத்து விசாரிப்பாள். ஆள் யார், என்ன உடுப்பு, வந்ததும் என்ன கேட்டார், எந்தப் புத்தகத்தைத் தொட்டார். திருப்தி ஆனால்தான் ஒட்டுவாள். என் கடைக்கு ஒரு ஆள் வருவதே ஒரு பழுது என்கிற மாதிரி அந்த அம்பு காலண்டரைக் குத்திக்கொண்டு நிற்கும்.

முதல் பத்து நாளில் ஏழு அம்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் ஒருவர் பீகாரிலிருந்து வந்து அயர்னிங் வேலை பார்க்கிறவர். மழைக்கு ஒதுங்கியவர், ஒரு புத்தகத்தைப் புரட்டி, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். ஒரு படத்தைக் காட்டி, "பையா, யே க்யா போல் ரஹா ஹை?" என்று கேட்டார். இவன் என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் பேக்கிங் செக்சன் இந்தி. "யே ஆத்மி போல்தா, மால் நஹி ஹை" என்றேன். சரக்கு இல்லை என்கிறான் என்று அர்த்தம். அந்தப் படத்தில் அவன் சொன்னது புதையல் பெட்டி காலியாக இருக்கிறது என்பது. கிட்டத்தட்ட சரிதான். அவர் வாங்கிக்கொண்டு போனார். தமிழே தெரியாதவருக்குத் தமிழ்ப் புத்தகம் விற்றுவிட்டேன் என்ற பெருமையில் ரெண்டு டீ குடித்தேன்.

ஆனால் அன்று சாயங்கால விசாரணையில் என் மனைவி காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, திங்கக்கெழம வந்தவரு என்ன கேட்டாருன்னு சொன்னீங்க?"

"நல்ல துப்பறியும் கதையாப் பாத்து ஒண்ணு குடுங்கன்னாரு."

"புதங்கெழம வந்தவரு?"

யோசித்தேன். "அவருந்தான்."

"அந்த வெள்ளச் சட்டக்காரரு?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நாலு பேர் அதே வாக்கியத்தை, ஒரு சொல் மாறாமல் சொல்லியிருந்தார்கள்.

"நாலு பீஸும் ஒரே தையலா இருக்குதுங்களே" என்றாள்.

மறுநாள் எலாஸ்டிக் வாங்குகிற சாக்கில் பாய் கடைக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நூல்கண்டு அடுக்கியிருந்த ரேக்கின் மேல்தட்டில் என் கடைப் புத்தகங்கள் நாலும், போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் உட்கார்ந்திருந்தன. திங்கக்கிழமை ஆள் கீழே நூல் கோன் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோனுக்குப் பின்னால் போய்விட்டார்.

பாய் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, கூட்டாளிக்குக் கஷ்டம்னா கை கட்டிட்டு நிக்க முடியுமா?"

"உங்க ஊட்டுக்குத் தபால்ல வர்ற புஸ்தகத்தை இவருகிட்டயே வாங்கியிருந்தாப் போதுமுங்களேண்ணா. இத்தன ஆளு எதுக்குங்க?"

பாய் எலாஸ்டிக்கை அளந்து வெட்டினார். பிறகு உண்மையைச் சொன்னார். "தபால்ல வந்தா அட்டை மடங்காம வருது தங்கச்சி."

என் மனைவி எலாஸ்டிக்குக் காசை எடுத்து வைத்தாள். நான் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் கடைக்கு வருகிற கட்டில் அட்டை மடங்காத ஒன்றிரண்டை நானே எனக்கென்று எடுத்து மாடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் நாலு அம்பை நகத்தால் கிள்ளி எடுத்தாள். மூன்று மிச்சம்.

அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய யோசனை தோன்றியது. புது ஆள் வேண்டுமென்றால் புதுக் கதை வேண்டும். நாலு பாகமாக வந்த ஒரு கதை. ஏழு பெட்டியோடு மலைக் குகைக்குள் நுழைகிற ரயில், அந்தப் பக்கம் ஆறு பெட்டியோடு வெளியே வருகிறது. காணாமல் போன பெட்டியைத் தேடி ஒரு கிழட்டு ரயில் கார்டு கிளம்புகிறார். படித்தவன் கீழே வைக்க மாட்டான். நாலு பாகமும் சேர்த்து உடனே ஆர்டர் போட்டேன். போனில் எடுத்த பதிப்பகத்துப் பெண் ஒரு முறை நிதானித்தார்.

"சார், ஒண்ணாம் பாகம் அஞ்சு, ரெண்டாம் பாகம் பத்து, மூணாம் பாகம் பத்து, நாலாம் பாகம் அஞ்சு. சரிதானா சார்?"

"சரிதானுங்க."

"இல்ல சார், ஏன் கேக்கறேன்னா, நடுவுல மட்டும் அதிகமா..."

"எங்கூர்ல நடுவுலதானுங்க நல்லாப் போகும்" என்றேன், அனுபவஸ்தனாக.

இருபத்திரண்டு வருஷம் நான் அட்டைப்பெட்டிக்குள் பனியன் அடுக்கிய கணக்கு அது. ஸ்மால் ஒன்று, மீடியம் ரெண்டு, லார்ஜ் ரெண்டு, எக்ஸ்எல் ஒன்று. ரேஷியோ என்போம். எந்தச் சரக்காக இருந்தாலும் கை தானாக அப்படித்தான் போகும். சின்னதும் பெரிசும் குறைவாகத்தான் விற்கும், நடு சைஸ்தான் ஊரில் அதிகம். கதைக்கும் தோள் அகலம், மார்புச் சுற்றளவு உண்டு என்று என் கை நினைத்துக்கொண்டது. தலைக்கு அது வந்து சேரவே இல்லை.

பார்சல் வந்தது. முதல் பாகம் ஐந்தும் ஒரே வாரத்தில் ஐந்து புது ஆட்களிடம் போனது. எல்லாரும் நிஜ ஆட்கள். ஒரு ஸ்கூல் வாத்தியார், ஒரு சாயப்பட்டறை மாஸ்டர், இப்படி. அம்பு எட்டு. ஆறாவதாக ஒருவர் வந்து முதல் பாகம் கேட்டபோதுதான் அலமாரியைப் பார்த்தேன். ரெண்டும் மூன்றும் கரை கட்டி நின்றன. ஒன்று இல்லை. அவர், "மொதல் இல்லாம நடுவுல எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேரும் அப்படியே போனார்கள்.

பதிப்பகத்துக்குப் போன் பண்ணினேன். முதல் பாகம் அவர்களிடமும் தீர்ந்துவிட்டது. திரும்ப அச்சடிக்க நாளாகுமாம். மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "வாங்கினா வாங்கினதுதான் சார்" என்றார் அந்தப் பெண். பனியன் மிஞ்சினால் காதர்பேட்டையில் சர்ப்ளஸ் என்று குவித்து விற்கலாம், கிழித்தால் கைதுடைக்கிற துணி. ரெண்டாம் பாகத்தை வைத்து எதைத் துடைப்பது?

விஷயத்தைக் கேள்விப்பட்டு பாய் வந்தார். அடுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேக்கிங் செக்சன் ஞாபகம் வந்துவிட்டது போல.

"அட மொதலாளி! கதைக்கு மீடியம், லார்ஜ் பாத்தியா?"

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஆடிக் கடைசி நாள் வந்தது. காலண்டரில் எட்டு. என் மனைவி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். மச்சினன் மத்தியானமே டேப்போடு வந்து, பிளக் பாயிண்ட் எங்கே, மிஷின் வரிசை எங்கே என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்த அலமாரியக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளுங்க."

"பொழுது சாயற வரைக்கும் இது என்ற கடை மாப்ள" என்றேன், அலமாரியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு.

அஞ்சரை மணி இருக்கும். ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிப் போகிற ஒரு கம்பெனி வேன் சரியாக எங்கள் வீட்டுக்கு முன்னால் பஞ்சராகி நின்றது. டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டே ஜாக்கியைத் தேடினார். இருபது பேர் இறங்கினார்கள். அவர்களில் அயர்னிங் மாஸ்டர் மாதிரி ஒரு பெரியவர் படி ஏறி வந்து, "சிரிப்புக் கதை இருக்குங்களா சாமி?" என்றார். கொடுத்தேன். நின்றபடியே ஒரு பக்கம் படித்துச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். உள்வாசலில் நின்ற என் மனைவி ஒன்பதாவது அம்பை ஒட்டினாள்.

மச்சினன் டேப்பைச் சுருட்டினான்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தது. நாற்பது வயசிருக்கும். தோளில் டிபன் பை. அலமாரியில் நேராக ரெண்டாம் பாகத்தை எடுத்தது.

"ஏண்ணே, இது ரயிலு கதையாண்ணே?"

தெற்கத்திப் பேச்சு.

"ஆமாங்க அம்மணி."

"எங்கப்பா ரயில்வேயில கேங்மேனா இருந்தாகண்ணே. தண்டவாளத்துலதான் வளந்தோம். எவ்வளவுண்ணே?"

விலையைச் சொன்னேன். பையிலிருந்து பர்ஸை எடுத்தது. பர்ஸின் ஜிப்பைத் திறந்தது. பின்னால் என் மனைவி மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது. கடை நடத்தத் தெரிந்தவன் அந்த இடத்தில் புத்தகத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்திருப்பான்.

"இது ரெண்டாம் பாகமுங்க" என்றேன் நான்.

"மொதல் பாகம் குடுங்களேன்."

"அது தீந்துருச்சுங்க."

அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தது. "அது படிக்காட்டி இது வெளங்காதாண்ணே?"

"வெளங்காதுன்னு இல்லீங்க. மொதல் பாகம் என்னான்னு நானே சொல்லிர்றனுங்க. அஞ்சே நிமிசம்."

வெளியே டிரைவர் ஸ்டெப்னியை இறக்கிக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். பனி கொட்டுகிற மலை, ஏழு பெட்டி, குகை. குகைக்கு அந்தப் பக்கம் கொடி காட்ட நிற்கிறவன் எண்ணிப் பார்க்கிறான், ஒன்று குறைகிறது. "அய்யய்ய" என்றது அந்த அம்மா. பர்ஸைக் கல்லா மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது. வாசலில் இன்னும் ரெண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மச்சினன் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். முதல் பாகம் முடிந்தது. கார்டு லாந்தரை எடுத்துக்கொண்டு தனியாகக் குகைக்குள் போகிறார்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 'இனி நீங்களே படிச்சுக்குங்க' என்று மூன்று சொல். அந்த மூன்று சொல்லுக்கு அந்த ஷட்டர் என்னுடையதாகவே இருந்திருக்கும்.

"அப்பறம்?" என்றது அந்த அம்மா.

என்னிடம் யாரும் 'அப்பறம்' கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. என் கூட்டாளிகள் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு முடிவே தெரியும். வீட்டில் நான் கதை என்று வாயைத் திறந்தால் குக்கர் கூவும். இத்தனை நாள் கடையில் உட்கார்ந்திருந்தது புத்தகம் விற்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

சொன்னேன். ரெண்டாம் பாகம் முழுக்கச் சொன்னேன். குகைக்குள் இன்னொரு தண்டவாளம் பிரிகிறது என்பதற்கு மச்சினன் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கித் தரையில் நீட்டிக் காட்டினேன். விசில் ஊதினேன். மூன்றாம் பாகத்தில் ஸ்டேஷன் மாஸ்டர்தான் திருடன் என்று தெரிகிற இடத்தில் வாசலில் இருந்த பெண் ஒருத்தி, "நெனச்சேன்!" என்றாள். என் மனைவி பின்னாலிருந்து ரெண்டு தரம் இருமினாள்.

"ஏனுங்க, அவுங்களுக்கு நேரமாகுதுங்க."

கையைக் காட்டி அடக்கினேன். மனைவியைக் கை காட்டி அடக்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாலாம் பாகத்தில் அந்தக் கார்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே பனியில் உறைந்து நிற்கிற இடத்தை நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். டிரைவர்கூட ஸ்பேனரோடு வந்து வாசலில் நின்றிருந்தார். அவர்தான் முதலில் தெளிந்து, "ஏறுங்க ஏறுங்க, டயர் மாத்தியாச்சு" என்று ஓடிப் போய் ஹாரன் அடித்தார்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "பாவம்ணே அந்தக் கார்டு. எங்கப்பா மாதிரியே." கல்லா மேலிருந்த பர்ஸை எடுத்து ஜிப்பை இழுத்து மூடிப் பைக்குள் போட்டது.

நான் ரெண்டாம் பாகத்தை நீட்டினேன். "புஸ்தகமுங்க?"

"அதான் பூராத்தையும் சொல்லிட்டீகளேண்ணே. இனி அதுல என்ன இருக்கு?" என்றது, ரொம்ப அன்பாக. "எம்புட்டு அழகாச் சொல்றீக! வாரேண்ணே."

வேன் போய்விட்டது. நான் கையில் ரெண்டாம் பாகத்தோடு நின்றேன்.

முதலில் வாயைத் திறந்தவன் மச்சினன்தான். "மாமா, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு கொழந்த இருந்துச்சுல்லீங்க. அது என்னாச்சுங்க?"

"நீ எடத்த அளடா" என்றாள் அவன் அக்கா.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன், பேச்சுக்கா பஞ்சம். ஆட்காட்டி விரலை என் முன்னால் நீட்டினாள். நுனியில் பத்தாவது அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பர்ஸத் தொறந்தப்பவே உரிச்சு எடுத்துட்டனுங்க" என்றாள். "எனக்கும் ஆசைதானுங்க."

அதைத் திரும்பத் தாளிலேயே ஒட்டிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது. சர்க்கரை தூக்கலாக.

ஆவணி ஒன்றாம் தேதி மிஷின் இறங்கியது. புத்தகங்களை அதற்கு முந்தின ராத்திரியே மாடி அறைக்கு ஏற்றிவிட்டேன். மச்சினனும் கூடப் பிடித்தான். படியில் ஏறும்போதெல்லாம் நாலாம் பாகத்தைப் பற்றியே கேட்டான். ஒரு பிரதி எடுத்துக்கோ மாப்ள என்றேன். 'படிக்க நேரமில்லீங்க மாமா, நீங்க சொல்லுங்க' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ஓவர்லாக் மிஷின் ஓடுகிற சத்தத்தில் வாசலில் அப்படியே நின்றார்கள். ஆறு பேர் கக்கத்திலும் அந்த வாரம் தபாலில் வந்த புத்தகம்.

"இனி எங்கீங்க உக்கார்றது?" என்றார் சாமளாபுரத்துக்காரர்.

எங்கே வாங்குவது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு எப்போதும் இருந்ததில்லை.

பாய் மட்டும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். என் தோளில் கை போட்டார். அவர் முகத்தில் அன்று நக்கலே இல்லை.

"மொதலாளி, மனசு கேக்கல. உன்ற பேருக்கும் சந்தா கட்டிட்டேன். இனி மாசா மாசம் தபால்லயே ஊட்டுக்கு வந்துரும். லாரி ஆபீஸுக்கு அலைய வேண்டாம்."

கட்டிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாசத்திலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்க ஆரம்பித்தேன். கடைக்காரனாக இருந்த காலத்தில் எனக்கு ஒரு புத்தகமும் அத்தனை சீக்கிரம் வந்து சேர்ந்ததில்லை.